முதலில் கையெழுத்து, திருத்தம் அப்புறம்: 1788 வர்ஜீனியா சபையில் நீங்கள் எந்தப் பக்கம்?

பெருமாள்புரம்_வாசி | வெள்ளி, இரவு 9.40

மகள் சட்டக் கல்லூரியில் மூன்றாம் வருஷம். அடுத்த வெள்ளிக்கிழமை வகுப்பில் நாடகம் மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்கள். 1788 ஜூனில் வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் கூடிய சபையைத் திரும்ப நடத்த வேண்டும். புதிய அமெரிக்க அரசியல் சாசனத்தை ஏற்கலாமா வேண்டாமா என்று விவாதம், கடைசியில் வாக்கெடுப்பு. சீட்டுக் குலுக்கியதில் இவளுக்கு பேட்ரிக் ஹென்றி விழுந்திருக்கிறார். அதாவது ஏற்கக் கூடாது என்று பேச வேண்டும். "தோத்த கட்சியைக் குடுத்துட்டாங்கப்பா" என்று இரண்டு நாளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

நான் வங்கியில் குப்பை கொட்டினவன், சட்டம் தெரியாது. அவள் புத்தகத்தைப் புரட்டியதில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான். 1787 செப்டம்பர் 17ஆம் தேதி ஃபிலடெல்ஃபியாவில் 39 பேர் கையெழுத்துப் போட்டார்கள். 13 மாநிலங்களில் 9 ஒத்துக்கொண்டால் அந்த ஒன்பதுக்கும் சாசனம் அமலுக்கு வந்துவிடும். ஆனால் பேச்சு, பத்திரிகை, வழிபாடு இவற்றில் அரசு கை வைக்காது என்ற உறுதிமொழி அதில் இல்லை. கடைசி வாரத்தில் வர்ஜீனியா பிரதிநிதி ஜார்ஜ் மேசன் அதைக் கேட்டிருக்கிறார், ஒரு மாநிலம்கூட ஆதரிக்கவில்லை. அவர் கையெழுத்துப் போடாமல் ஊருக்குப் போய்விட்டார்.

ஆதரித்தவர்கள் சொன்னது: முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள், குறை இருந்தால் அப்புறம் திருத்திக்கொள்ளலாம். எதிர்த்தவர்கள் சொன்னது: திருத்தினால்தான் கையெழுத்து. எனக்கென்னவோ முதல் கட்சிதான் நியாயமாகப் படுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? பிள்ளைக்கு நாலு பாயிண்ட் கிடைத்தாலும் புண்ணியம்.

பத்திரக்கடை | வெள்ளி, இரவு 10.25

அண்ணாச்சி, உங்கள் மகள் கட்சிதான் என் கட்சி. 31 வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன். "இப்போதைக்குக் கையெழுத்தைப் போடுங்க, அதை அப்புறம் சேர்த்துக்கலாம்" என்று ஒரு பார்ட்டி சொன்னால் என் பேனா தானாக நின்றுவிடும்.

எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன். சேரன்மகாதேவி பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனம். 1971இல் அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்தார்கள். மேல் வயல் பெரியப்பாவுக்கு, கீழ் வயல் எங்களுக்கு. தண்ணீர் மேல் வயல் மடை வழியாகத்தான் கீழே இறங்க வேண்டும். பத்திரம் எழுதியவர் அப்போதே கேட்டிருக்கிறார், "நீர்ப்பாய்ச்சலை ஒரு வரி எழுதிருவோமா?" அப்பா சொன்ன பதில்: "அண்ணன் தம்பிக்குள்ள இதையெல்லாம் எழுதினா நல்லாவா இருக்கும்?" இரண்டு பேரும் இருந்தவரை ஒரு சிக்கலும் இல்லை. பெரியப்பா காலமான அடுத்த கார் சாகுபடியில் மடை மண்ணடித்துக் கிடந்தது. பெரியப்பா மகன் கெட்டவன் இல்லை. அவன் கையில் இருந்த காகிதத்தில் அந்த வரி இல்லை, அவ்வளவுதான்.

சரி, திருத்தலாமே என்பீர்கள். பிழைதிருத்தல் பத்திரம் என்று ஒன்று உண்டு. அதற்கு எதிராளியும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். இடம் கைமாறுவதற்கு முன்னால் அவனுக்கு நம் தயவு வேண்டும், மாறியபின் நமக்கு அவன் தயவு வேண்டும். அமெரிக்காவிலும் அதே கதைதான். அந்தச் சாசனத்தைத் திருத்த இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், பிறகு மாநிலங்களில் நான்கில் மூன்று பங்கு வேண்டும். ஏற்பதற்கு ஒன்பது போதும், திருத்துவதற்குப் பத்து! கையெழுத்துக்கு முன்னால் வர்ஜீனியாவுக்கு இருந்த பலம் கையெழுத்துக்குப் பின் இருக்காது. ஹென்றிக்கு இதைவிடப் பெரிய ஆயுதம் வேண்டாம்.

டவுண்_பையன் | வெள்ளி, இரவு 10.31

அண்ணாச்சி வந்துட்டாரு. ஜார்ஜ் வாஷிங்டனுக்கே வில்லங்கம் போட்டுப் பாத்துட்டுத்தான் விடுவாரு.

கணக்கு_சார் | சனி, காலை 6.15

மடைக் கதை நன்றாக இருக்கிறது, ஆனால் கணக்கு இடிக்கிறது. பாகப்பிரிவினையில் இரண்டு பார்ட்டி, இங்கே பதின்மூன்று பார்ட்டி. ஒவ்வொருவரும் "என் திருத்தத்தைச் சேர்த்தால்தான் கையெழுத்து" என்று நின்றால் பத்திரம் எந்த ஜென்மத்தில் முடியும்?

அது வரை என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் இருந்த கூட்டமைப்பு ஒப்பந்தத்தில் ஒரு வரி திருத்தவும் 13 மாநிலமும் சம்மதிக்க வேண்டும். மத்திய காங்கிரசுக்கு வரி போடும் அதிகாரமே இல்லை. போர்க்கடனை அடைக்க இறக்குமதிக்கு ஒரு சின்ன வரி கேட்டார்கள்; 1782இல் ரோட் ஐலண்ட் என்ற ஒரே ஒரு குட்டி மாநிலம் முடியாது என்றது, திட்டம் படுத்துவிட்டது. இந்த அனுபவத்துக்குப் பிறகு "எல்லோரும் ஒத்துக்கொள்ளும் வரை பேசுவோம்" என்றால் யார் கேட்பார்கள்?

ஆதரித்தவர்கள் வெறும் அவசரக்காரர்களும் இல்லை. உரிமைப் பட்டியல் வேண்டாம் என்பதற்கு அவர்களிடம் சுத்தமான தர்க்கம் இருந்தது. பென்சில்வேனியாவின் ஜேம்ஸ் வில்சன் 1787 அக்டோபரிலேயே சொன்னார்: புதிய அரசுக்குக் கொடுத்த அதிகாரம் மட்டும்தான் உண்டு, கொடுக்காதது மக்களிடமே இருக்கிறது. பத்திரிகையை அடக்கும் அதிகாரத்தையே கொடுக்காதபோது "அடக்காதே" என்று எதற்கு எழுத வேண்டும்? நியூயார்க்கின் அலெக்சாண்டர் ஹாமில்டன் ஒரு படி மேலே போனார். பட்டியல் தேவையில்லாதது மட்டுமல்ல, ஆபத்தானது என்றார். பத்து உரிமையை எழுதினால் பதினொன்றாவது இல்லை என்று நாளைக்கு ஒருவன் வாதாடுவான்.

அண்ணாச்சி இதற்கு என்ன சொல்கிறார் பார்ப்போம்.

பத்திரக்கடை | சனி, காலை 7.50

சார், நீங்கள் பழைய கிரயப் பத்திரம் ஏதாவது படித்ததுண்டா? வீட்டில் தாத்தா காலத்துத் தாய்ப் பத்திரம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். "நிதி நிட்சேபம் ஜலம் தரு பாஷாணம்" என்று ஆரம்பித்து "ஆகாமி சித்த சாத்தியம்" வரை போகும். மண்ணுக்குள் கிடக்கும் புதையல், தண்ணீர், மரம், கல், இனிமேல் விளையப்போவது வரைக்கும். அஷ்டபோகம் என்பார்கள். எட்டு எழுதிவிட்டோம், ஒன்பதாவது இல்லை என்று ஆகிவிடுமே என்று பயந்து அந்தக் காலத்து ஆள் எழுதாமல் விட்டானா? எட்டையும் எழுதினான், கீழே "இன்னும் இதில் அடங்கிய சகல பாத்தியங்களும்" என்று ஒரு வரி போட்டான். முடிந்தது.

ஹாமில்டன் பெரிய வக்கீலாம். அவருக்கு இது தோன்றவில்லையா? எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

கோர்ட்டு_அக்கா | சனி, மதியம் 2.05

பத்திரக்கடை அண்ணாச்சி, அந்த ஒரு வரியைத்தான் பிற்பாடு அவர்கள் ஒன்பதாவது திருத்தமாக எழுதினார்கள். சில உரிமைகளை இங்கே எழுதியிருப்பதால் மக்களிடம் இருக்கும் மற்றவை இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது என்பது அதன் சாரம். உங்கள் "சகல பாத்தியங்களும்" அச்சு அசலாக!

வில்சன் வாதத்தில் இன்னொரு ஓட்டையும் உண்டு, பாப்பா இதைக் கண்டிப்பாகப் பயன்படுத்த வேண்டும். "புரூட்டஸ்" என்ற புனைபெயரில் நியூயார்க்கில் ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். அவர் கேட்டது: எழுதாத அதிகாரம் இல்லை என்றால், ஆட்கொணர்வு உரிமையை (பிடித்து வைத்தவனைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் உரிமை) சும்மா நிறுத்திவைக்கக் கூடாது என்று மட்டும் ஏன் எழுதினீர்கள்? பிரபுப் பட்டம் கொடுக்கக் கூடாது என்று ஏன் எழுதினீர்கள்? பட்டம் கொடுக்கும் அதிகாரத்தை யாராவது கொடுத்தார்களா? நாலு உரிமையை எழுதிவிட்டு மீதி தேவையில்லை என்று சொல்வது, சாம்பார் ஊற்றிவிட்டு சோறு எதற்கு என்று கேட்கிற மாதிரி.

நம் பக்கத்துக்கும் வருகிறேன். நம் சாசனத்துக்கு இப்படி ஊர் ஊராக ஒப்புதல் வாங்கும் படலமே கிடையாது. 1949 நவம்பர் 26இல் அரசியல் நிர்ணய சபையே ஏற்றுக்கொண்டது, முடிந்தது. வரைவை 1948 பிப்ரவரியில் வெளியிட்டு மாதக்கணக்கில் கருத்துக் கேட்டார்கள். கொண்டுவரப்பட்ட திருத்தங்கள் மட்டும் 2,473. ஆனால் அந்தச் சபையை அனுப்பியது மாகாண சட்டசபைகள், அவற்றைத் தேர்ந்தெடுத்தது சொத்தும் படிப்பும் இருந்தவர்கள். நம் தாத்தா பாட்டிகளில் முக்கால்வாசிப் பேருக்கு அந்த ஓட்டு இருந்திருக்காது.

பட்டியல் விஷயத்தில் நம்மவர்கள் கஞ்சம் பிடிக்கவில்லை, உரிமைகளை முதலிலேயே எழுதிவிட்டார்கள். ஆனால் பலவற்றுக்கும் விதிவிலக்கு என்று ஒரு வால் வைத்தார்கள். 1947 ஏப்ரலில் சோம்நாத் லாஹிரி அந்தச் சபையிலேயே எழுந்து, இந்த உரிமைகள் பல ஒரு போலீஸ் கான்ஸ்டபிளின் கண்ணோட்டத்தில் எழுதியவை என்றார். மிகையில்லை. உயிருக்கும் சுதந்திரத்துக்குமான 21ஆம் பிரிவில் "சட்டம் வகுத்த நடைமுறை" என்று ஒரு சொற்றொடர். நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு அதன்படி பிடித்து உள்ளே வைத்தால் சரி என்று அர்த்தம் வருகிறது. அமெரிக்காவில் இருக்கும் "உரிய சட்ட நடைமுறை" என்ற பரந்த சொல்லைப் போட வேண்டாம் என்று அந்த நாட்டு நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டரே நம் சபையின் சட்ட ஆலோசகர் பி.என்.ராவிடம் சொல்லி அனுப்பினார் என்பது தனிக் கூத்து.

பலன்? சாசனம் அமலுக்கு வந்தது 1950 ஜனவரி 26. தடுப்புக்காவல் சட்டம் வந்தது அடுத்த மாதமே. காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் சென்னை அரசை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார், மே மாதம் தோற்றார். அந்தத் தீர்ப்பின் பார்வை மாற 1978 மேனகா காந்தி வழக்கு வரை ஆனது. எழுதினால் மட்டும் போதாது, எந்தச் சொல்லால் எழுதுகிறோம் என்பதும் இருக்கிறது.

பெருமாள்புரம்_வாசி | சனி, மாலை 5.30

மகள் இதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள். சாம்பார் உவமை மட்டும் வேண்டாமாம்.

உப்பளக்காத்து | சனி, இரவு 8.12

எழுதாத உரிமை எந்த லட்சணத்தில் இருக்கும் என்று தெரிந்துகொள்ள ரிச்மண்ட் வரைக்கும் போக வேண்டாம், நம் ஜில்லாவே போதும்.

1908 மார்ச் 12இல் வ.உ.சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது, துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் செத்தார்கள். குற்றம் என்ன? பேசியது. தண்டனைச் சட்டம் 124ஏ, ராஜத்துரோகம். ஜூலை 7ஆம் தேதி நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தார். மேல்முறையீட்டில் குறைந்தது, ஆனால் கோவைச் சிறையில் செக்கு இழுத்தது இழுத்ததுதான். ஒரு வக்கீல், தனக்காக வாதாட எந்த உரிமைப் பிரிவையும் காட்ட முடியாமல் நின்றார். காட்ட ஒன்று இருந்தால்தானே.

இன்னொன்று. 1928இல் மோதிலால் நேரு அறிக்கை அடிப்படை உரிமைகளை எழுதிக் கொடு என்று கேட்டது. 1930இல் வெள்ளைக்கார அரசு அனுப்பிய சைமன் கமிஷன் என்ன சொன்னது தெரியுமா? நடைமுறைப்படுத்த மனமும் வழியும் இல்லாவிட்டால் இந்த மாதிரிப் பொதுவான பிரகடனங்களால் பயனில்லை என்றது. 1935 இந்திய அரசுச் சட்டத்தில் உரிமைப் பட்டியல் எழுதவில்லை. "எழுதுவது வீண்" என்பவன் யார், எந்த நாற்காலியில் உட்கார்ந்து சொல்கிறான் என்று பாருங்கள். எழுதியதை மீறினால் பதில் சொல்ல வேண்டிய நாற்காலி அது.

கணக்கு_சார் | சனி, இரவு 9.00

வ.உ.சி. பெயரை எடுத்தால் நான் எதிர்த்துப் பேச முடியாது என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். சரி, எழுதிய பிறகு 124ஏ போய்விட்டதா?

கோர்ட்டு_அக்கா | சனி, இரவு 9.40

போகவில்லை. 1948 டிசம்பரில் பேச்சுரிமைக்கான விதிவிலக்குகளிலிருந்து ராஜத்துரோகம் என்ற சொல்லை கே.எம்.முன்ஷி முயற்சியால் எடுத்தார்கள். சாசனத்திலிருந்து எடுத்தார்கள், தண்டனைச் சட்டத்தில் விட்டுவிட்டார்கள். 1962இல் உச்ச நீதிமன்றம் அதைச் சுருக்கி உயிரோடு வைத்தது. 2022இல் நிறுத்திவைத்தது. 2024 ஜூலையில் பழைய தண்டனைச் சட்டம் போய்ப் புதிய சட்டம் வந்தது, அதில் 152ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள், பழைய ஆளின் ஜாடை தெரியும்.

நெறியாளர் | சனி, இரவு 9.55

இப்போதைய கட்சி அரசியலுக்குள் போக வேண்டாம். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

படித்துறை | ஞாயிறு, காலை 11.20

எல்லோரும் ஹென்றியையும் மேசனையும் பெரிய உரிமைப் போராளிகள் மாதிரிப் பேசுகிறீர்கள். இரண்டு பேர் வீட்டிலும் அடிமைகள் இருந்தார்கள். சாசனத்தை ஆதரித்து மறுபக்கம் நின்ற ஜேம்ஸ் மேடிசன் வீட்டிலும் இருந்தார்கள். 1790 கணக்கெடுப்பில் வர்ஜீனியாவில் மட்டும் 2,92,000க்கு மேல் அடிமைகள். அந்தச் சபையில் இரண்டு தரப்பும் தொண்டை கிழியப் பேசிய சுதந்திரம் இவர்களில் ஒருவருக்கும் இல்லை. பிற்பாடு உரிமைப் பட்டியலாக வந்த பத்துத் திருத்தமும் மத்திய அரசின் கையைத்தான் கட்டியது. மாநில அரசு உங்கள் வாயைப் பொத்தினால் அவற்றில் வழியில்லை என்று 1833இல் அவர்கள் நீதிமன்றமே சொல்லிவிட்டது. மாநிலங்களையும் கட்டுப்படுத்த வேண்டும் என்று மேடிசன் ஒரு திருத்தம் கொண்டுவந்தார், செனட் அதைத் தூக்கிப் போட்டுவிட்டது.

அரசாங்கத்திடமிருந்து காப்பாற்று என்பது ஒரு உரிமை. பக்கத்துத் தெருக்காரனிடமிருந்து காப்பாற்று என்பது இன்னொன்று. எங்கள் தாத்தாவுக்கு வெள்ளைக்காரன் முகம்கூடத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஆற்றில் எந்தப் படியில் இறங்கலாம், எதில் இறங்கக் கூடாது என்பது. மேல் படித்துறை காலியாகவே கிடந்தாலும் ஒரு பர்லாங் நடந்து, கீழே மாடு குளிப்பாட்டும் இடத்தில்தான் அவர் இறங்குவார். இதை அவர் கோபமாகச் சொன்னதே இல்லை. வழி சொல்வது மாதிரிச் சொல்வார்.

நம் சாசனம் 15ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். கடை, ஓட்டல், கிணறு, குளம், படித்துறை, சாலை என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. ஹாமில்டன் இதைப் படித்தால் ஒரு நாட்டின் சாசனத்தில் குளிக்கிற துறையைப் பற்றி எதற்கு எழுதுகிறார்கள் என்று சிரித்திருப்பார். நான் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தப் பெயர் வைத்திருக்கிறேன்.

பத்திரக்கடை | ஞாயிறு, மதியம் 12.02

தம்பி, படித்துறை என்று பெயர் சொல்லி எழுதினானே, அவன்தான் பத்திரம் எழுதத் தெரிந்தவன். "பொது இடங்கள்" என்று மொட்டையாக விட்டிருந்தால் இது பொது இடமே இல்லை, எங்கள் குடும்பத்துத் துறை என்று நாளைக்கே ஒருத்தன் வருவான். நான் பார்த்திருக்கிறேன்.

டவுண்_பையன் | ஞாயிறு, மதியம் 12.40

ஒரு சந்தேகம். அமெரிக்காவின் முதல் திருத்தம் பேச்சுரிமையைக் கொடுத்தது. நம் முதல் திருத்தம் 1951இல் பேச்சுரிமையை வெட்டியது. இதைச் சொல்லி ஒரு பேச்சாளர் கைதட்டு வாங்கியதைக் கேட்டேன். சரிதானா?

கோர்ட்டு_அக்கா | ஞாயிறு, மாலை 4.15

பாதிதான் சரி. 1950 மே மாதம் ரமேஷ் தாப்பர் வழக்கில் ஒரு பத்திரிகைக்கு சென்னை அரசு போட்ட தடையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பொது ஒழுங்கு என்ற காரணம் சாசனத்தில் இல்லை என்றது. அரசு உடனே அந்தக் காரணத்தைச் சேர்த்தது, அதோடு "நியாயமான" கட்டுப்பாடு என்ற சொல்லையும் சேர்த்தது. அந்தச் சொல் இன்று எங்களுக்கு எத்தனையோ வழக்கில் கைகொடுக்கிறது.

அதே திருத்தத்தில்தான் இட ஒதுக்கீட்டுக்கு வழிவிடும் 15(4) வந்தது. செண்பகம் துரைராஜன் வழக்கில் கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பிரித்த சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை செல்லாது என்று தீர்ப்பானது. இங்கே பெரியார் முதற்கொண்டு எல்லோரும் தெருவுக்கு வந்தார்கள். சமத்துவம் என்று எழுதியிருந்த வரியே இட ஒதுக்கீட்டை அடித்தது, திருத்தி மீட்டார்கள். அதனால் நம் முதல் திருத்தத்தை ஒரே வாயால் திட்டவும் முடியாது, கும்பிடவும் முடியாது. என் தம்பிக்கு மருத்துவ சீட்டுக் கிடைத்தது அந்த வரியால். என் கட்சிக்காரர் ஒருவர் உள்ளே இருப்பது அதன் பக்கத்து வரியால்.

கணக்கு_சார் | ஞாயிறு, இரவு 8.30

பாப்பாவுக்கு நான் எதிர்க்கட்சி என்றாலும் ஒரு உதவி செய்கிறேன். தோற்ற கட்சி என்று வருத்தப்பட வேண்டாம். எண்களைப் பார்க்கச் சொல்லுங்கள். சாசனத்துக்கு ஆதரவாக டெலவேர் சபையில் 30க்கு 0. அப்புறம் மாசசூசெட்ஸ் 187க்கு 168. அங்கே ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: ஏற்றுக்கொள்கிறோம், ஆனால் இந்தத் திருத்தங்களைப் பரிந்துரைக்கிறோம். வர்ஜீனியா 89க்கு 79, நியூயார்க் 30க்கு 27. வர்ஜீனியாவில் ஐந்து பேர் மாறி ஓட்டுப் போட்டிருந்தால் சமம். நியூ ஹாம்ப்ஷயர் ஒன்பதாவது மாநிலமாக ஜூன் 21ஆம் தேதியே சேர்ந்துவிட்டது. ரிச்மண்டில் 25ஆம் தேதி ஓட்டுப் போட்டவர்களுக்கு அந்தச் சேதி வந்து சேரவில்லை! குதிரைத் தபால் காலம்.

வர்ஜீனியா ஏற்றுக்கொண்டபோதும் 40 திருத்தங்களைக் கையோடு பரிந்துரைத்தது. அதில் 20 உரிமைகள் பற்றியது. வட கரோலினா கையெழுத்தே போடாமல் 1789 நவம்பர் வரை வெளியே நின்றது. பட்டியலைக் காகித வேலி என்று கேலி பேசிய மேடிசன், புதிய காங்கிரசுக்கான 1789 தேர்தலில் ஜேம்ஸ் மன்றோ எதிர்த்து நின்றதும் திருத்தம் கொண்டுவருகிறேன் என்று தொகுதியில் வாக்குக் கொடுத்தார். 1,308க்கு 972, ஜெயித்தார். ஜூன் 8ஆம் தேதி சபையில் எழுந்து திருத்தங்களை முன்வைத்தார். 1791 டிசம்பர் 15இல் பத்து நிறைவேறின. தோற்றவர்கள் விடாமல் நச்சரித்ததால் வந்தது அது. இதை ஒத்துக்கொள்ள எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் சாசனத்தை முதலில் ஏற்றதால்தானே திருத்த ஒரு சபை இருந்தது என்பதையும் நான் விடமாட்டேன்.

பத்திரக்கடை | ஞாயிறு, இரவு 9.10

சார், மேடிசன் மாதிரி வாக்கைக் காப்பாற்றுகிறவன் எதிர்ப்பார்ட்டியாக அமைவது ஜாதக விசேஷம். எங்கள் பெரியப்பாவும் அப்படித்தான். பெரியப்பா மகனை நம்பி யாரும் பத்திரம் எழுதக் கூடாது.

பெருமாள்புரம்_வாசி | வெள்ளி, இரவு 8.45

இன்று நடந்தது. பிள்ளை பிரமாதமாகப் பேசினாளாம், வீடியோ பார்த்தேன். நீர்ப்பாய்ச்சல் வரியைச் சொன்னபோது வகுப்பே அமைதியாகிவிட்டது, கிராமத்துப் பிள்ளைகள் நிறைய. அடிமைகள் பற்றிய கேள்வியை எதிர்த்தரப்புப் பையன் கேட்டான். "என் கட்சியின் அசிங்கம் அது, மறைக்கவில்லை, உங்கள் கட்சியிலும் அதே அசிங்கம்" என்று சொல்லிவிட்டு மேலே போனாள். வாக்கெடுப்பில் 27க்கு 24, தோற்றுவிட்டாள். ஆனால் ஜெயித்தவர்கள் எழுந்து, அடுத்த மாதம் 1789 கூட்டத்தையும் நடத்தி உரிமைத் திருத்தங்களை நாங்களே கொண்டுவருகிறோம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வரும்போது முகம் தெளிவாக இருந்தது. எல்லோருக்கும் நன்றி.

பத்திரக்கடை | வெள்ளி, இரவு 8.52

வாழ்த்துகள் அண்ணாச்சி. அந்த வாக்கை எழுதி வாங்கினாளா?

பெருமாள்புரம்_வாசி | வெள்ளி, இரவு 8.58

வாங்கவில்லையாம்.